புள்ளி வைத்த எழுத்து

வாலுவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியாகிவிட்டது. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவளுடைய அம்மா ஆளுக்கொரு காரணம் சொன்னாள். பக்கத்து வீட்டில் கேட்டால் பிள்ளைக்கு அடிக்கடி சளி பிடிக்கிறது. மாடி வீட்டில் கேட்டால் அங்கே உருப்படியாக ஒன்றும் சொல்லிக்கொடுப்பதில்லை. பள்ளிக்கூடத்திலேயே கேட்டபோது, சின்ன வயதில் வீட்டில் வைத்துப் படிக்கவைப்பதுதான் நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்களே என்றாள். யார் அந்த எல்லோரும் என்று மட்டும் ஒருத்தர் திருப்பிக் கேட்டிருந்தால் வசமாக மாட்டிக்கொண்டிருப்பாள்.

உண்மையான காரணம் ஒன்றே ஒன்று. வாலுவின் தம்பி நாள் நிறையாமல் பிறந்து, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் சில நாள் மூச்சுக்குத் திண்டாடி, செத்துப்போனான். இது தெருவுக்கே தெரியும். ஆறு வயது வாலுவுக்கு மட்டும் தெரியாது. தெரியவே கூடாது என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். பள்ளிக்கூடம் என்றால் ஓட்டைவாய்ப் பிள்ளை ஒன்றாவது இருக்கும், பட்டென்று போட்டு உடைத்துவிடும். வீடு என்றால் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

தம்பி இன்னும் கண்ணாடிப் பெட்டியில்தான் தூங்குகிறான், பெரியவனானதும் வருவான் என்று சொல்லிவைத்திருந்தாள். தினமும் விளக்குப் போடும் நேரத்தில் வாலு வந்து மடியில் ஏறிக்கொண்டு, "தம்பி இன்னிக்கு என்னம்மா பண்ணான்?" என்று கேட்பாள். கேட்டதுதான் தாமதம், அதுவரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பேச்சு வருமோ! கொட்டாவி விட்டானாம். நர்ஸின் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றானாம். ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தானாம், டாக்டரின் மீசை பிடிக்கவில்லையாம், உடனே மூடிக்கொண்டானாம். வாலு சிரிப்பாள், அம்மாவும் சிரிப்பாள். பக்கத்து அறையில் சட்டை மாற்றிக்கொண்டிருக்கும் அப்பா ஒரு கையை மட்டும் நுழைத்தபடி அப்படியே நின்றுவிடுவார்.

அவர் லிப்ட் மெக்கானிக். ஊரார் மாட்டிக்கொண்ட லிப்டையெல்லாம் திறந்துவிடுகிற மனிதருக்குத் தன் வீட்டில் எதை எங்கே திறப்பதென்று தெரியவில்லை, பாவம். ஒருநாள் மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்.

"இது எத்தனை நாளைக்கு ஓடும்?"

"ஓடற வரைக்கும் ஓடட்டும். நீங்க வாயைத் தொறக்காம இருந்தா போதும்."

அவர் திறக்கவில்லை. ஆனால் வீட்டில் வைத்துப் படிக்கவைப்பதென்று ஆனபின் புத்தகம் வேண்டுமே? அவருடைய தங்கை ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வீட்டிலேயே படிக்கிற பிள்ளைகளுக்கென்று வரும் பாடத்திட்டங்களை ஒரு பை நிறையத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் பரப்பினாள். அறிவியலுக்கு நாலு, எழுத்துக்கு ரெண்டு.

"எதுல வேணும்னாலும் ஆரம்பிக்கலாம் அண்ணி. எல்லாமே நல்ல புத்தகம். கணக்கை அப்புறம் பாத்துக்கலாம்."

நல்ல புத்தகமா இல்லையா என்று யார் பார்த்தார்கள்? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அம்மா தேடியது வேறு. முதல் அறிவியல் புத்தகத்தைத் திறந்ததுமே உயிருள்ளவை, உயிரற்றவை. ஒரு பக்கம் நாய்க்குட்டி, மறுபக்கம் நாற்காலி. உயிருள்ளவை மூச்சு விடும், வளரும், ஒருநாள் இறந்துபோகும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். சட்டென்று மூடினாள். இரண்டாவதில் வண்ணத்துப்பூச்சி. முட்டை, புழு, கூடு, பூச்சி என்று அழகாகத்தான் போனது. கடைசிப் படத்தில் அது இறக்கையை விரித்துத் தரையில் கிடந்தது. எவன் கேட்டான் அந்தக் கடைசிப் படத்தை! மூன்றாவது புத்தகம் காந்தம், நிழல், மிதக்கும் பொருள் என்று சமர்த்தாக நடந்து, பாதியில் நுரையீரலுக்கு வந்துவிட்டது. பலூனை ஊதிப் பார், உன் நெஞ்சுக்குள்ளும் இப்படித்தான் என்றது. அதையும் தள்ளிவைத்தாள். டாக்டர் சொன்ன வார்த்தையே அதுதான். நுரையீரல் விரியவில்லை.

"இதுவும் வேணாமா?" நாத்தனாருக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. "பிள்ளைக்குப் புத்தகம் பாக்கற மாதிரி தெரியலையே அண்ணி. போலீஸ்காரன் பெட்டியைச் சோதனை போடற மாதிரி இருக்கு."

"என் பிள்ளைக்கு எது வேணும்னு எனக்குத் தெரியும்."

"அவளுக்கு என்ன வேணும்னு அவகிட்ட கேட்டீங்களா? தொட்டில் துணியைக்கூட இன்னும் மடிச்சு வைக்கல நீங்க. கொடியில கிடந்து காயுது. நான் சொன்னா வலிக்கும். ஆனா..."

"வலிக்கும்னு தெரியுதில்ல? அப்ப சொல்லாத."

நாத்தனார் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவளும் அந்தக் குழந்தைக்கு அத்தைதான், அவளுக்கு மட்டும் துக்கம் இல்லையா என்ன? நாலாவது புத்தகத்தை நகர்த்தி வைத்தாள். அதில் மழை இருந்தது, கண்ணாடி இருந்தது, நிலா இருந்தது. நிலா தேயும் என்ற இடத்தில் அம்மாவின் விரல் நின்றது. அடுத்த வரியில் அது மறுபடி வளரும் என்றிருந்தது. சரி, போகட்டும் என்று எடுத்து வைத்துக்கொண்டாள்.

எழுத்துப் புத்தகத்தில் அவ்வளவு கஷ்டமில்லை. முதலாவது, படத்தைப் பார்த்து முழுச் சொல்லாக எழுதுகிற புது முறை. அதில் நாலாம் பக்கத்திலேயே ஒரு குடும்பம் சோபாவில் உட்கார்ந்து பல்லைக் காட்டியது. அப்பா, அம்மா, அக்கா, தம்பி. தள்ளிவிட்டாள். இரண்டாவது பழைய முறை. உயிரெழுத்து, மெய்யெழுத்து, உயிர்மெய்யெழுத்து. படமே கிடையாது. எழுத்தில் என்ன பெரிதாக வந்துவிடப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். நாத்தனார் ஒரு வினாடி அந்த அட்டையைப் பார்த்தாள், பிறகு அண்ணியைப் பார்த்தாள், மீதியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

பாடம் சாப்பாட்டு மேசையில் நடந்தது. மழை எப்படி வருகிறது என்று கெட்டில் ஆவியில் தட்டைப் பிடித்துக் காட்டினாள். நிலாவுக்கு டார்ச்சும் பந்தும். வாலு சொன்னதைச் செய்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஜன்னல் கம்பியில் தொங்கி, செருப்பைப் பக்கெட்டில் மிதக்கவிட்டு, வாலு என்று பெயர் வாங்கிய பிள்ளை இப்போது நாற்காலியில் காலைச் சேர்த்து வைத்து உட்கார்ந்திருந்தது. வீட்டுப் படிப்பால் வந்த அடக்கம் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொள்ள என்ன செலவு?

எழுத்து வகுப்பில்தான் வாலுவுக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது. புத்தகத்தோடு, எழுதி அழிக்கிற வெள்ளைப் பலகை ஒன்றும் பேனாவும் வந்திருந்தன.

"அ, ஆ, இ, ஈ. இதெல்லாம் உயிரெழுத்து."

"உயிர்னா?"

"உயிர்னா... உயிர்தான். இதோ பாரு, க் இருக்கில்ல, இது மெய். மெய்னா உடம்பு. வெறும் உடம்பு. அதான் தலையில புள்ளி வெச்சு அப்படியே நிக்குது. இப்ப அ வந்து சேருது. என்ன ஆச்சு?"

"க!"

"ஆமா. புள்ளி எங்க?"

"போயிடுச்சு."

"உயிர் வந்ததும் புள்ளி போயிடும். அதான் உயிர்மெய்." தனக்கு இவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுக்க வருகிறதே என்று அம்மாவுக்கு அன்றைக்கு ஒரு சின்னப் பெருமைகூட வந்தது.

வாலு பேனா மூடியைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "உயிர் திரும்பப் போயிட்டா?"

"மறுபடியும் புள்ளி வெச்சிட வேண்டியதுதான்," என்றாள் அம்மா, அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொண்டே. வாயிலிருந்து என்ன வந்தது என்று அவளுக்கு உறைக்கவேயில்லை.

அந்த வாரக் கடைசியில் புத்தகம், பிடித்த சொற்களை நீயே எழுது என்றது. பலகையை வாலுவிடம் கொடுத்துவிட்டு அம்மா துணி எடுக்கப் பால்கனிக்குப் போனாள். தொட்டில் துணியை அன்றும் எடுக்கவில்லை, அதைச் சுற்றியிருந்ததை மட்டும் உருவிக்கொண்டு திரும்பினாள். மேசையில் பலகை காத்துக்கொண்டிருந்தது. வரிகள் ஏறியும் இறங்கியும் போயிருந்தன.

அம்மா. அப்பா. அத்தை. நிலா.

அதற்குக் கீழே,

த்ம்ப்.

"என்னடி இது, கடைசியில?" துணிகளை நாற்காலியில் போட்டாள். "மூணு எழுத்துக்கும் புள்ளி வெச்சிருக்கே. இதை எப்படி வாசிப்பே?"

"வாசிக்க முடியாதும்மா."

"அப்புறம் ஏன் எழுதினே?"

வாலு பலகையை அம்மா பக்கம் நகர்த்தினாள். அம்மா பலகையைக் கையில் எடுத்தாள். நடுவில் ம் இருந்தது. அதற்குப் புள்ளி எப்போதும் உண்டு. முன்னால் த். பின்னால் ப். அந்த இரண்டு புள்ளிகளையும் மனதுக்குள் எடுத்துவிட்டு, மேலே சுழிக்க வேண்டியதைச் சுழித்து வாசித்துப் பார்த்தாள். தூக்கிவாரிப் போட்டது.

"நீதானே சொன்னே," வாலுவின் குரல் கீழே இறங்கியது. "உயிர் போயிட்டா புள்ளி வெச்சிடணும்னு. தப்பாம்மா?"

அம்மா நாற்காலியில் துணிக்குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். எத்தனை புத்தகத்தைத் தள்ளினாள், எத்தனை வாயை அடைத்தாள்! கடைசியில் தன் வாயாலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறாள், மேசை போட்டு, பலகை வைத்து.

"யாரு சொன்னா உனக்கு? அத்தையா?"

வாலு தலையை ஆட்டி இல்லை என்றாள். "அன்னிக்கு நீ ஆஸ்பத்திரியில இருந்தப்போ. அப்பா பாத்ரூம்ல தண்ணியைத் திறந்துவிட்டுட்டு அத்தைகிட்ட போன்ல அழுதாரு. எனக்குக் கேட்டுச்சு."

"அன்னிக்கேவா?"

"ம்."

அன்றைக்கே! அப்படியென்றால் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தும் முன்பே. முதல் கொட்டாவிக்கு முன்பே, நர்ஸின் விரலுக்கு முன்பே. ஒவ்வொரு சாயங்காலமும் செத்த பிள்ளையை இவள் வளர்த்துக்கொண்டே போக, இன்னொரு பிள்ளை மடியில் உட்கார்ந்து எல்லாம் தெரிந்தே சிரித்திருக்கிறது.

"தெரிஞ்சுமா தினமும் கேட்டே? தம்பி என்ன பண்ணான், என்ன பண்ணான்னு?"

வாலு பேனாவைத் திறந்தாள், மூடினாள். "ஒருநாள் கேக்கல. நீ மறந்துட்டிருப்பே. அன்னிக்கு நீ யார்கூடவும் பேசவேயில்ல. சாப்பிடல. அப்பா கூப்பிட்டாலும் திரும்பல. கேட்டாதாம்மா நீ பேசறே."

வாசலில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. அப்பா கிரீஸ் கையோடு உள்ளே வந்து, மேசையையும் இரண்டு முகங்களையும் பார்த்து, பிறகு பலகையைப் பார்த்தார். அவருக்கு அதை வாசிக்க நேரம் பிடிக்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"தப்பா எழுதிட்டேனா?" வாலு மறுபடி கேட்டாள். அழிப்பதற்குக் கையை நீட்டினாள்.

அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்பில்ல," என்றாள். குரல் உடைந்தது. "தம்பி செத்துட்டான்டி கண்ணு. அம்மா பொய் சொல்லிட்டேன்." இத்தனை நாளில் அந்த வார்த்தையை அவள் சொல்வது இதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு, அடக்கி வைத்ததெல்லாம் வெடித்து, வாய்விட்டு அழுதாள். வாலு இறங்கி வந்து, வழக்கம்போல மடியில் ஏறி, புறங்கையால் அம்மாவின் கன்னத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டேயிருந்தது.

வெளியே இருட்டிவிட்டது. யாரும் எழுந்துபோய் விளக்குப் போடவில்லை. அழுகை கொஞ்சம் அடங்கியதும் வாலு அம்மாவின் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். அவளுக்கு ஒரு கவலை மட்டும் தீரவில்லை.

"அப்போ நாளைக்கு நான் என்னம்மா கேக்கறது?"