கணையத்தின் நிறம்

அந்தோணிராஜுக்கு நிறம் சரியாகத் தெரியாது என்பது தண்டலத்துப் பக்கமுள்ள எங்கள் மருத்துவக் கல்லூரியில் எனக்கு மட்டும்தான் தெரியும். முதலாண்டின் முதல் திசுவியல் வகுப்பில், கம்ப்யூட்டர் திரையில் ரோஸாகக் கிடந்த தசையைப் பச்சை என்று சொன்னான். நல்லவேளை, பக்கத்தில் நான்தான் இருந்தேன்.

"வெளிய சொல்லிராத கனிஷ்கா. தெரிஞ்சா ஊருக்கே அனுப்பிருவாங்க" என்று தூத்துக்குடிப் பேச்சில் கெஞ்சினான். அனுப்புவார்களா என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. கேட்கவும் பயம்.

அன்றிலிருந்து அவனுக்குக் கண் நான்தான். ஸ்லைடுகளையெல்லாம் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்ததால் இருவரும் ஒரே திரையைப் பார்க்க முடிந்தது. மவுஸ் என் கையில். நான் ஸ்ரீபெரும்புதூர்க்காரி, வாயும் அடங்காது, கையும் அடங்காது. உருட்டிப் பெரிதாக்குவேன், சட்டென்று அடுத்த மூலைக்கு இழுப்பேன்.

"நடுவுல வெளுத்த ரோஸ் திட்டு இருக்கு பார், அதான் கணையம். அது இல்லன்னா எச்சில் சுரப்பி. இன்னாடா, புரியுதா இல்லியா?"

அவன் மெதுவாகத் தலையாட்டுவான். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தேர்வன்று எங்களைப் பிரித்து உட்காரவைத்தார்கள். அவன் கடைசி வரிசை. எனக்குப் பயம் அவனை நினைத்துத்தான். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் தன் ஸ்லைடையே ஏற்றியிருந்தார். படம் வந்ததும் வியர்த்துவிட்டது. திசுவுக்கு வேறு சாயம் ஏற்றியிருந்தார்கள், எல்லாம் பச்சையும் சிவப்பும். போச்சு, இன்று மாட்டிக்கொள்வான் என்று நினைத்தேன். உருட்டினேன், இழுத்தேன், மறுபடியும் உருட்டினேன். வெளுத்த ரோஸ் எங்குமே இல்லை. ஹைவேயில் கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்தே கொன்றன. எச்சில் சுரப்பி என்று எழுதிவிட்டு, கடைசி வரிசையைத் திரும்பித் திரும்பிப் பார்த்து கண்காணித்துக்கொண்டிருந்த மேடமிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் அவன் கோட்டைப் பிடித்து இழுத்தேன். "இன்னாடா எழுதின?"

"கணையம்."

"எப்படிடா? எல்லாமே பச்சையா இருந்துச்சே! நான் எச்சில் சுரப்பின்னு எழுதிட்டேன்."

"அப்படியா? எனக்கு எப்பவும் போலதான் இருந்துச்சு. சின்னதா வச்சு முழுசாப் பார்த்தேன். கொத்துக் கொத்தா செல்லு, இடையில தீவு மாதிரி வேற அடுக்கு. முதல் மாசமே அது பிடிபட்டுட்டு."

"அப்புறம் ஏன்டா தினம் என்னைக் கத்த விட்ட?"

அவன் என் பிடியிலிருந்து கோட்டை மெல்ல விடுவித்துக்கொண்டான்.

"வேண்டாம்னா நீ கோவப்படுவ. நான் பார்க்குறதுக்குள்ள வேற எங்கேயாச்சும் இழுத்துட்டுப் போயிருவ. அதான், நீ கிளம்பின பிறகு தனியா வந்து பார்ப்பேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் பதறிப்போய், எச்சில் சுரப்பி என்று எழுதினாலும் பாதி மார்க்காவது போடுவார்கள் என்று சமாதானம் சொல்ல ஆரம்பித்தான்.