பூட்டிய கதவுதான்

எழுபத்தொரு வயதிலும் ஞானமுத்து தலைவலி என்று ஒருநாள் படுத்தவரில்லை. மனைவி போன பிறகு மலைமேல் நாயுடுபுரத்தில் ஒற்றை அறையில் தானே பொங்கித் தின்றுகொண்டு, மழையோ பனியோ மேட்டுப் பங்களாவுக்கு நடந்து போய் வருவார். சீசன் முடிந்து பங்களாக்காரம்மா மதுரைக்கு இறங்கிவிட்டால் சாவி இவரிடம்தான். தினமும் கணப்பை மூட்டி அறைகளுக்குச் சூடு காட்டாவிட்டால் மெத்தையெல்லாம் பூசணம் பூத்துவிடும்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "மக ஹாஸ்டல்ல மேட்ரன், அப்பன் மழையில விறகு சுமக்குறாரு" என்றார்கள். மகள் இசபெல்லாவுக்கு மானம் போனது. அப்பாவிடம் சொன்னால் சிரிப்பார். 1977ஆம் வருஷம் ஆயுத பூஜை லீவுக்கு வந்திருந்த பங்களாக்காரம்மாவைத் தனியாகப் பார்த்து, "அப்பாவுக்கு ஞாபகம் தப்புதும்மா. கதவைப் பூட்டாமலே வந்துர்றாரு" என்று வாய் கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னாள். நல்லது செய்கிற நினைப்புதான். அந்த அம்மாவும் ஞானமுத்துவைக் கூப்பிட்டு, நோகாமல் விஷயத்தைச் சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

அந்த வருஷத்து மழை ஓய்வதற்குள் மனிதர் ஆளே மாறிப்போனார். சவரம் கிடையாது. வெயிலேறியும் போர்வைக்குள் கிடந்தார். சர்ச்சில் பூசைக்குக் கிளம்பினால் பாதி வழியில் திரும்பி வந்து, தன் வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்தார். டாக்டர் சோதித்துவிட்டு உடம்பில் ஒரு குறையும் இல்லை என்றார். குறை எங்கே என்று இசபெல்லாவுக்குத் தெரியும். சர்ச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தும் பாரம் இறங்கவில்லை. நடமாடிக்கொண்டிருந்த அப்பாவைத் தானே பிடித்துப் படுக்க வைத்துவிட்டதாக நெஞ்சு குத்தியது.

பொறுக்கமாட்டாமல் மதுரைக்கு பஸ் ஏறி, உண்மையைச் சொல்லி, வாங்க வேண்டிய ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு சாவியோடு திரும்பினாள்.

"அப்பா, நீங்க ஒருநாளும் பூட்ட மறந்ததில்ல. நாந்தான் பொய் சொன்னேன். இந்தாங்க சாவி."

ஞானமுத்து சாவியைத் தொடவில்லை. மகளின் தலையைத் தடவினார்.

"எம்மனசு நோகக்கூடாதுன்னு பழியை உந்தலையில போட்டுக்கிறியாக்கும்."

"சத்தியமாப்பா! நாந்தாம்ப்பா!"

"ஞாபகம் தப்புறது எனக்கே தெரியுதுத்தா. சாவியை நீயே வச்சுக்க. வெள்ளனே போயி கணப்பை மூட்டிட்டு வந்துரு. வரும்போது பூட்டை இழுத்துப் பாரு."

இசபெல்லா அவர் காலடியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள்.

"அழாதத்தா," என்றார் ஞானமுத்து. "வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்."