ஆறு மஞ்சள் மணிகள்

திண்டிவனத்தில் பேருந்து கிளம்பியதும் வெனிலா அட்டைப்பெட்டியைத் திறந்தாள்.

நாற்பது மணி கோத்த சங்கிலி உள்ளே நேராக நீண்டு கிடந்தது. காலையில்கூட அது வளைந்து, குறுக்குக் கம்பிகளோடு நிமிர்ந்து நின்றதே! நம் செல்களுக்கு வெளியே உழைக்கும் புரதங்களில் இருக்கிற ஒரு சின்னத் துண்டின் மாதிரி அது, ஈ.ஜி.எஃப் டொமைன் என்று பெயர். வெள்ளை மணிகளுக்கு நடுவே வரும் ஆறு மஞ்சள் மணிகள் சிஸ்டீன் என்னும் அமினோ அமிலங்கள். முதலாவது மூன்றாவதோடும், இரண்டாவது நான்காவதோடும், ஐந்தாவது ஆறாவதோடும் கம்பியால் கைகோத்தால்தான் துண்டு உருக்குலையாது. பத்து மணிக்கு விழுப்புரம் கல்லூரி அறிவியல் போட்டியில் நடுவர் முன் வைக்கவேண்டும். தேறினால் சென்னைப் போட்டி.

"எம்மா... இதுல இருந்த கம்பியெல்லாம் எங்க?"

பக்கத்தில் சூசை மேரி பூரித்துப்போய்ச் சிரித்தாள். கோயில் கடைக்கு ஜெபமாலை கோத்துக் கொடுப்பவள். "ஒரே சிக்கா கெடந்துச்சு கண்ணு. நீ குளிக்கச்சொல்ல பிரிச்சு, கம்பியக் கடாசிட்டு, நேராக்கி வச்சேன். எவ்ளோ லட்சணமா இருக்குது பாரு!"

சுடுசொல் தொண்டை வரை வந்தது. மகள் மேடையேறுவதைப் பார்க்கக் கல்யாணப் பட்டை உடுத்தி வந்த அம்மாவைப் பார்த்ததும் வெனிலா அதை விழுங்கிவிட்டாள்.

"குறுக்கால கட்டுனாத்தாம்மா மார்க்கு. உன் கைமுடிச்சுதான் கெட்டி. ஜல்தியா கட்டு."

சூசை மேரியின் முகம் சுண்டியது. "மாதாவே! கெடுத்துட்டனா?"

"கெடல. கம்பிதான் வேணும்."

முன் இருக்கையில் இருந்த, ஊரில் மைக் செட் போடும் சக்கரபாணி திரும்பினார். "கம்பிதானே? இந்தாங்க." பையிலிருந்து ஒரு முழம் செம்புக் கம்பியை நறுக்கிக் கொடுத்தார். "எந்த சாமிக்குமா மாலை?"

"சாமிக்கு இல்லீங்க. சாமி நம்ம உடம்புக்குள்ள கோத்து வச்ச மாலை."

கூட்டேரிப்பட்டு தாண்டியது. பேருந்து குலுங்கக் குலுங்க சூசை மேரி முறுக்கினாள். பழக்கத்தில் விரல் பக்கத்து மணிக்கே போனது.

"ஒன்னுக்கு மூணும்மா!"

"உங்கப்பன் மாதிரியே இருக்குதே! பக்கத்துல இருக்கறவள வுட்டுட்டு எட்டத்துல இருக்கறவனோட சிநேகிதம்!"

பேருந்தே சிரித்தது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நின்றபோது மூன்றாவது முடிச்சும் விழுந்தது. சங்கிலி மடிந்து நிமிர்ந்தது. சக்கரபாணி கைதட்டினார்.

கல்லூரியில் நடுவர் அம்மையார் எல்லாம் கேட்டு முடித்து, மாதிரியின் இரண்டு முனையையும் பிடித்துச் சட்டென்று இழுத்தார். இன்னும் பலமாக இழுத்தார். முனைகள் நீண்டன, முடிச்சுகள் மூன்றும் அசையவில்லை. பேருந்தில் ஒரு சொல்லை விழுங்கியது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று!

"நல்லா நிக்குதே! யார் கட்டினது?"

"எங்கம்மாங்க மேடம்," என்று வெனிலா பின்வரிசையைக் காட்டினாள்.

சென்னைக்குத் தேறியவர்களில் அவள் பெயர் முதலில் வந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்த சூசை மேரி மகளின் நெற்றியில் சிலுவை வரைந்தாள்.

"சென்னைக்கும் நான் வர்றேன். ஆனா சத்தியமா அந்தப் பொட்டியத் தொடமாட்டேன்!"