பிளெட்சோ வீட்டின் இரண்டு அப்பாக்கள்

தொலைக்காட்சித் தொடரில் விமானத்தோடு கடலில் விழுந்து செத்துப்போன தாடியஸ் காரிகன், மறுநாள் காலை எங்கள் ஊரான மெஸ்கிட் ஃப்ளாட்டில், ராய்ஸ் பிளெட்சோவின் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். கோட்டிலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மேற்கு டெக்சாஸிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் பகல் முழுக்கக் காரோட்ட வேண்டும். அதனால் ராய்ஸின் மனைவி ஓபல் முதலில் தரையைப் பார்த்தாள், பிறகுதான் ஆளைப் பார்த்தாள். அவர் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். அத்தனை வருடத் தாம்பத்தியத்தில் அந்த வீட்டில் அவளுக்காக ஒரு தொப்பியும் கழன்றதில்லை. அவள் துடைப்பதற்குத் துணி எடுத்து வந்தாள்.

காரிகன் என்றால் எண்ணெய்க் குடும்பத்தின் தலைவர். வியாழக்கிழமை மாலைகளில் அவரைப் பார்க்க ஊரே வீட்டுக்குள் அடங்கிவிடும். அந்தத் தொடரில் மாளிகை உண்டு, சீமைக் குதிரை உண்டு, உயிலை மாற்றி எழுதாத வாரமே கிடையாது. எண்ணெய்தான் ஒரு சொட்டும் யார் கண்ணிலும் பட்டதில்லை. ராய்ஸோ மீசை முளைக்கும் முன்பே எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போனவர். நகக்கண்ணில் ஏறிய கறுப்பு எந்தச் சோப்புக்கும் இறங்கியதில்லை. சொந்தமாக எண்ணெய் வயலும் கிணறுகளும் வந்த பிறகும், எண்ணெய் முதலாளி என்று சொல்லிக்கொள்ள அவரிடம் களை போதாது என்பதுதான் ஊரின் அபிப்பிராயம். செத்தவரைச் சபையில் சேர்க்கலாமா என்று பாப்டிஸ்ட் பாதிரியார் ஒரு வாரம் ஜெபித்தார். பிறகு, செத்தது தொலைக்காட்சியில்தானே என்று முன்வரிசையில் இடம் போட்டுக் கொடுத்தார். ராய்ஸ் இரண்டாம் வரிசைக்குப் போனார்.

எண்ணெய் விலை சரியத் தொடங்கியிருந்த வருடம் அது. மகன்கள் டுவேனும் லைலும் வயலை அடகு வைத்து, தெற்கு நிலத்தில் புதிய கிணறு தோண்டத் துடித்தார்கள். அங்கே வெறும் பாறைதான் என்று ராய்ஸ் சாப்பாட்டு மேசையில் மாதக்கணக்கில் சொல்லிவந்தார். இப்போது மகன்கள் காரிகனைக் கேட்டார்கள். அவர் கையில் விஸ்கியோடு ஜன்னலருகே போய், நெடுநேரம் தொலைவைப் பார்த்தார்.

"இந்தக் குடும்பத்துக்குன்னு ஒரு பேரு இருக்கு" என்றார்.

"தோண்டச் சொல்றாரு" என்றான் லைல், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ராய்ஸ் மேசையைக் குத்தினார். "அவன் ஒரு நடிகன்கூட இல்லடா! நடிகன் கலிஃபோர்னியால கோல்ஃப் ஆடிக்கிட்டிருக்கான். இது அவன் கழட்டிப் போட்ட வேஷம்!"

"கத்தாதீங்கப்பா. அவர் எப்பவாவது கத்திப் பார்த்திருக்கீங்களா?" என்றான் டுவேன்.

வங்கிக்காரர் காரிகனோடு புகைப்படம் எடுத்துக்கொண்டு கடன் கொடுத்தார். தோண்டினார்கள். பாறை வந்தது, பிறகு கடல்நீர் வந்தது, அதோடு உயிருள்ள இரண்டு மீன்களும் வந்தன. இன்னும் ஆழமாகப் போனால் எண்ணெய் நிச்சயம் என்று மகன்கள் மிச்ச வயலையும் அடகு வைக்கப் பத்திரம் தயார் செய்தார்கள். ராய்ஸ் அதன்பின் யாரோடும் பேசவில்லை.

அந்த வியாழக்கிழமை அவர் தொலைக்காட்சிக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். திரையில் காரிகன் குடும்பம் ஒரு காலி நாற்காலியைச் சுற்றி அழுதுகொண்டிருந்தது. ஓபல் அடுப்பை அணைத்துவிட்டு வந்தபோது சோபாவில் ஆளில்லை. திரையில், அந்தக் காலி நாற்காலியில் ராய்ஸ் இருந்தார், அழுக்குச் சட்டையோடு. கிணறு எங்கே, குழாய் என்ன கனம் என்று அவர் விசாரிக்க, மாளிகைவாசிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர் நேராகத் திரைக்கு வெளியே பார்த்தார்.

"டுவேனு, லைலு. தெக்கு நிலத்துல ஒண்ணும் இல்ல. குழாயைப் பிடுங்குங்க."

திரையில் வயலின் இசை உச்சத்துக்கு ஏறியது. தொடர் பார்க்க வந்து உட்கார்ந்திருந்த மகன்கள் இருவரும் எழுந்து நின்றார்கள். காலையில் துளையிடும் வேலை நின்றது, பத்திரம் அடுப்புக்குப் போனது. மிச்ச வயல் பிழைத்தது.

"இதையேதானேடா இந்த மேசையில ஆறு மாசமாச் சொன்னாரு?" என்றாள் ஓபல்.

டுவேன் யோசித்தான். "அப்ப பின்னணி இசை இல்லையேம்மா."

அதற்குப்பின் வந்த வருடங்களில் ஊர் இந்த ஏற்பாட்டுக்குப் பழகிக்கொண்டது. காரிகன் கடைத்திறப்புக்கும் கல்யாணத்துக்கும் போய்வந்தார். யாரும் அவரிடம் எண்ணெய் பற்றிக் கேட்பதில்லை, அவருக்கும் அது நிம்மதியாக இருந்தது. வியாழக்கிழமை விளம்பரம் வரும்போது மற்ற வீடுகளில் சோப்புக் கட்டி தெரியும். ஓபல் வீட்டில் மட்டும் ராய்ஸ் தெரிவார், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு. காரிகன் நாகரிகம் தெரிந்தவர், அந்த நேரம் வெளியே போய்விடுவார்.

"முட்டி வலி எப்படி இருக்கு?" என்று ஒருநாள் ராய்ஸ் கேட்டார்.

கல்யாணமானதிலிருந்து அவர் கேட்டிராத கேள்வி. ஓபல் முட்டியைத் தடவிக்கொண்டாள். "மழைன்னா வலிக்கும். நீங்க எப்ப வர்றீங்க?"

"அடுத்த வருஷத் தொடருக்கும் கையெழுத்து வாங்கிட்டாங்க."

"சாப்பிட்டீங்களா?"

"இங்க கோழியெல்லாம் மெழுகு, ஓபல்."

அடுத்த வாரம் அவள் பீன்ஸும் சோளரொட்டியும் வைத்த தட்டைத் தொலைக்காட்சிப் பெட்டிமேல் வைத்து, துணியால் மூடினாள். தொடர் முடிந்ததும் காலித் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். கொஞ்சம் உப்புக் கூடிவிட்டது என்று அவர் அடுத்த வார விளம்பரத்தில் சொன்னார்.