மூன்று நிமிடம், பத்தாவது நொடி

1

இல்லைங்க, அந்தப் பப்பாளி விஷயத்தை நான் இட்டுக்கட்டவில்லை. ஓங்கார் நிஜமாகவே பாதி வெட்டிய பப்பாளியை விளம்பரத்தில் போட்டான். ஆபாசம் என்று விளம்பரத் தளத்தின் இயந்திரம் தூக்கிக் கடாசியது. அடுத்து வாழைப்பழம். (கேட்கவே வேண்டாம்.) கடைசியில் ஒரு குடை, கீழே இரண்டு கிளி. அனுமதி! இப்படித்தான் வயது வந்தோருக்கான பாலியல் நலப் படிப்பு ஒன்று, பறவை ஆர்வலர் சங்கம் மாதிரி புனேயில் இணையத்துக்கு வந்தது. கிளிகள் என் கைவண்ணம். கதையும் அங்கேதான் கிடைத்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மிருண்மயியின் கண்களில் ஒரு கனவு மின்ன..."

வேண்டாம். மிருண்மயி பாட்கரின் கண்ணில் இருந்தது தூக்கம். பன்னிரண்டு வருடம் மகப்பேறு மருத்துவமனையில் பெண்களுக்கு ஆலோசனை சொன்னவள்; பாடம் முழுக்க அவள் எழுதியது. விற்பவன் ஓங்கார் தாம்லே. இதற்கு முன் டிபன் பாக்ஸ் விற்றான். ("சூடு குறையவே குறையாது" என்ற பழைய வாசகத்தையே இதற்கும் போடலாம் என்றான். மிருண்மயி பார்த்த பார்வையில் அவன் சூடு குறைந்தது.)

ஓங்காரின் சட்டம் ஒன்றுதான்: எழுத்தில் எதுவும் இருக்கக் கூடாது. இயந்திரம் எழுத்தைப் படித்துவிடும், பேச்சைக் கேட்காது. ஆகவே இலவசமாகக் காட்டும் முதல் மூன்று பாடங்களில் படமும் குரலும் மட்டும். அதற்கென்று மும்பையிலிருந்து ஒரு தேன்குரலை வரவழைத்தான்.

3

"அக்கா, பத்துல ஒம்போது பேரு சத்தத்த நிறுத்திட்டுத்தான் பாக்குறாங்க!" கணக்கைப் பார்த்துவிட்டு மிருண்மயியிடம் கத்தினான் ஓங்கார்.

"எந்த நேரத்துல?"

"மத்தியானம் ஒண்ணுலேர்ந்து நாலு."

புனேயில் அப்போது கடைக்காரரே ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்குவார். வீட்டில் மாமியார் பக்கத்துப் பாயில். காதில் ஒயரை மாட்டினால், "என்னடி கேக்குற?" என்று எழுந்துவிடுவார். தேன்குரலை யார் கேட்பது?

"ஒருத்தி மூணாம் பாடத்துல, மூணு நிமிஷம் பத்தாவது நொடிய மட்டும் நாப்பத்தோரு தடவ பாத்திருக்கா. செம வரவேற்புக்கா! அதையே விளம்பரமாக்கிடலாமா?"

"அவ நமக்கு எழுதி அனுப்பியிருக்கிறதப் படிச்சியாடா?"

படிக்கவில்லை. நான் படித்தேன்: "சத்தம் வைக்க முடியாது. வலியப் பத்தின எடத்துல அந்தம்மா என்ன சொல்றாங்க? இந்த ஃபோனுக்குப் பதில் போடாதீங்க. வீட்டுக்காரர் பாப்பாரு."

அந்த நொடியில் தேன்குரல் சொல்வது இவ்வளவுதான்: "வலித்தால் நிறுத்தச் சொல்லலாம். கல்யாணம் ஆகியிருந்தாலும் சொல்லலாம்."

படத்தில் ஒரு கிளி தலையைத் திருப்பிக்கொள்ளும். நாற்பத்தோரு முறை அவள் அந்தக் கிளியைப் பார்த்திருக்கிறாள்.

4

"அந்த வரிய எழுத்துல போட்டுடலாம்," என்றாள் மிருண்மயி.

"போட்டா மூணே நாள்ல விளம்பரத் தளத்துக்காரங்க நம்மள மொத்தமா தூக்கிடுவாங்கக்கா. அப்புறம் ஒரு ஈ காக்கா வராது. இத்தனைக்கும் அந்தப் பொண்ணு இன்னும் படிப்பையே வாங்கல."

"டிபன் பாக்ஸ் புத்தி போகுதா பாரு!"

"அரே, அந்தப் புத்திதான்க்கா நாலாயிரம் பேர உள்ள கூட்டிட்டு வந்துச்சு. இவளும் கிளியப் பாத்துட்டுத்தான் வந்தா."

(இந்த இடத்தில் ஓங்காரை வில்லனாக்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். பாவி, சரியாகப் பேசித் தொலைத்தான்.)

சிறகை நீட்டி "நிறுத்து" என்று காட்டும் கிளி வரைந்தேன். சரி. "கல்யாணம் ஆகியிருந்தாலும்" என்பதை எப்படி வரைவது?

5

முடிவு ஒன்று: மழையில் நனைந்தபடி மிருண்மயி அந்தப் பெண்ணின் வீட்டைத் தேடி... (முகவரியே கிடையாது. அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: இயந்திரம் மனம் திருந்துகிறது. (சிரிக்காதீர்கள்.)

இப்போதைய நிலவரம்: எழுத்து சேர்த்த பாடம் தயார். மிருண்மயியின் விரல் வெளியிடும் பொத்தான்மேல். மணி ஒன்றாக ஐந்து நிமிடம். நாற்பத்தோரு முறை பார்த்த அந்தப் பெண் எப்போதும் ஒரு மணிக்குத்தான் வருவாள்.

"இனிமே வரப்போறவங்களையும் நெனச்சுப் பாருக்கா," என்கிறான் ஓங்கார்.

மிருண்மயி என்னைப் பார்க்கிறாள். நான் உங்களைப் பார்க்கிறேன். நீங்களும் இதைச் சத்தமில்லாமல்தானே படித்துக்கொண்டிருக்கிறீர்கள்? பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டிருக்காது. உங்களுக்கு ஒரு வரிகூட விட்டுப்போகவில்லை.

சீக்கிரம் சொல்லுங்களேன், அழுத்தச் சொல்லட்டுமா?