நாற்பதில் ஒரு பாட்டில்

காலை பத்து இருபதுக்குத்தான் ஆய்வுக்கூடத்தின் கம்பிக் கதவு திறந்தது. அவள் ஒன்பதரையிலிருந்து நின்றுகொண்டிருந்தாள். இரண்டு மணிக்கு பஸ்ஸில் டியூட்டி. கண்டக்டர் சீருடையோடே வந்திருந்தாள்.

தம்பி ஜெயிலுக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. மருந்து மொத்தக் கடையில் வேன் ஓட்டினவன். ரசீது இல்லாத நாற்பது பாட்டில் இருமல் மருந்தோடு பிடிபட்டான். அந்த மருந்தில் போதைச் சரக்கு துளி உண்டு. பழைய சட்டம் சர்க்கரைப் பாகையும் சேர்த்தே எடை போட்டது. நாலு கிலோவைத் தாண்டியது. பத்து வருடம் தண்டனை போட்டுவிட்டார்கள்.

இப்போது சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். பாகைக் கழித்துவிட்டுச் சரக்கை மட்டும் எடை போட வேண்டும். பத்து கிராமுக்குக் கீழே என்றால் ஒரு வருடம்தான். பழைய கைதிகளும் தொண்ணூறு நாளுக்குள் மனுப் போடலாம். ஆய்வுக்கூடத்தின் சான்று இல்லாமல் மனுவை வாங்க மாட்டார்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார். இன்று எண்பத்தேழாவது நாள். முதல் தடவை வந்தபோது பரிசோதகர் விடுப்பில் இருந்தார். இரண்டாம் தடவை கம்ப்யூட்டர் படுத்துவிட்டது.

இன்று இரண்டும் இருந்தன. பரிசோதகர் தம்பி வழக்கின் பழைய அறிக்கையைப் புரட்டினார்.

“இதுல அளவே இல்லையேம்மா. ‘உண்டு’ன்னுதான் இருக்கு.”

“நீங்கதான சார் எழுதினீங்க.”

“அப்போ படிவத்துல ரெண்டே கட்டம். உண்டு, இல்லை. எவ்வளவுன்னு யார் கேட்டா?”

“பார்க்கவே இல்லையா சார்?”

அவர் தாடையைச் சொறிந்தார். எழுந்து போய் பீரோவைத் திறந்து ஒரு நோட்டை எடுத்து வந்தார். பென்சில் எழுத்து.

“எனக்குக் கை சும்மா இருக்காது. பார்த்து வச்சிருக்கேன். பாட்டிலுக்கு இருநூறு மில்லிகிராம்.”

அவர் கால்குலேட்டரைத் தேடுவதற்குள் அவள் மனக்கணக்குப் போட்டு முடித்துவிட்டாள்.

“நாப்பதுக்கு எட்டு கிராம் சார். பத்துக்குக் கீழே. எழுதிக் குடுங்க.”

“எழுதறேன். ஒரு பாட்டிலுக்கு.”

“நாப்பது பாட்டில் சார்.”

“நான் திறந்தது ஒண்ணுதாம்மா. எத்தனை வந்தாலும் ஒண்ணைத்தான் திறப்போம், அதான் இங்க வழக்கம். மத்ததுல கூடுதலா இருந்தா? பார்க்காததுக்கு எப்படிக் கையெழுத்துப் போடறது?”

“ஒரே கம்பெனி, ஒரே பெட்டி.”

“இருக்கலாம்.”

“அப்போ மத்ததையும் திறந்து பாருங்க.”

“தீர்ப்பு வந்த மூணாம் மாசமே எல்லாத்தையும் எரிச்சாச்சு.”

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“பஸ்ல ஒருத்தன் டிக்கெட் எடுக்கலைன்னு எல்லாருக்கும் அபராதம் போட்டா, என்னைச் சும்மா விடுவாங்களா சார்?”

பின் மேஜையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். “வசமா மாட்டினீங்க சார்” என்றாள். பரிசோதகர் திரும்பி முறைத்தார்.

“நோட்டைக் காட்டினதே என் தப்பு. நல்லது பண்ணப் போனா இப்படித்தான்.”

“திட்டலை சார். கேக்கறேன்.”

அவர் எழுதினார். ஒரு பாட்டில். இருநூறு மில்லிகிராம். முத்திரையை ஓங்கிக் குத்தி, தாளை அவள் பக்கம் தள்ளினார்.

அவள் அதைப் பழைய அறிக்கையின் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் ஒரே கையெழுத்து. பழைய தாளின் மூன்றாவது வரியில் விரலை வைத்தாள். ‘கைப்பற்றப்பட்ட நாற்பது பாட்டில்களிலும் போதைப்பொருள் உண்டு.’

“அன்னிக்கும் ஒண்ணைத்தான திறந்தீங்க சார். அப்புறம் நாப்பதுலயும் உண்டுன்னு எப்படிக் கையெழுத்துப் போட்டீங்க?”