இலையின் நுனி

லேண்ட் ரோவரின் பின்சக்கரம் மறுபடியும் சேற்றில் புதைந்தபோது நாகமுத்து கதவைத் திறந்து, முழங்கால் வரை இறங்கி, வண்டியைப் பெற்றவர்களையும் பாதையைப் போட்டவர்களையும் சேர்த்து வாய்க்குள்ளேயே திட்டினான். பாதை என்று அதைச் சொல்வதே பாவம். தம்பின் ஊரைத் தாண்டி மலைக்குள் மரம் இழுத்த காலத்தில் யானையும் டிராக்டரும் கிழித்துவிட்டுப் போன தடம் அது. மலாயாக் காடுகளில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை தொடங்கிய பிறகு மரக்காரர்களும் போவதில்லை. அந்தத் தடம் வழியாக மலையின் மறுபக்கம் வரை வண்டி போகுமா என்று பார்த்துவரச் சொல்லி அலோர் காஜா ஆபீசிலிருந்து அனுப்பியிருந்தார்கள். அளவெடுக்க கனகரட்ணம் ஐயா, யாழ்ப்பாணத்துக்காரர், மழையிலும் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டிருப்பவர். காவலுக்கு சார்ஜன் யூசோப்பும் மாட் என்ற இளம் போலீஸ்காரனும். ஓட்டுவதற்கு நாகமுத்து. லூபோக் சீனா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவன், லாரி ஓட்டப் பழகி, எப்படியோ சர்க்கார் டிரைவராகிவிட்டவன்.

ஆற்றைக் கடந்ததும் பெரிய மெராந்தி மரம் ஒன்றின் கீழே கித்தானைக் கட்டி இறங்கினார்கள். சமையலும் நாகமுத்துதான். அரிசியைப் போலீஸ் நிலையத்தில் நிறுத்துக் கொடுத்திருந்தார்கள். மிஞ்சினால் மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைக்க வேண்டும் என்று உத்தரவு. காட்டுக்குள் இருக்கிறவர்கள் வாயில் ஒரு பருக்கை போய்விடக் கூடாது. தோட்டங்களில் பால் வெட்டப் போகிறவர்கள் காலைச் சோற்றைக்கூட கேட்டுக்கு வெளியே எடுத்துப்போக முடியாத காலம் அது. கொண்டுபோய் மாட்டியவர்களைத் தூக்கில் போடுவார்கள் என்று லயத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள்.

ஆனால் புது மலையில் இறங்கி, அந்த மலையின் முனிக்கு ஒரு பிடி வைக்காமல் எப்படிச் சாப்பிடுவது? நாகமுத்துவால் முடியாது. காட்டு வாழை இலை ஒன்றை நறுக்கி, தன் பங்கிலிருந்தே ஒரு பிடிச் சோறும் நெத்திலிக் குழம்பும் எடுத்து, மரத்தின் மறுபுறம் வேர் மடிப்பில் வைத்தான். அங்கே மரத்தில் சாய்ந்து உட்கார்கிறவருக்கு இலையின் நுனி இடப்பக்கம் வரும்படி ஒழுங்காகத்தான் வைத்தான். சாமியானாலும் பந்தி பந்திதானே.

“என்ன நாகமுத்து, உன்ர முனிக்கு நெத்திலி பிடிக்குமோ?” என்றார் கனகரட்ணம்.

“சுருட்டுதாங்கையா இன்னும் பிடிக்கும். ஐயா ஒண்ணு குடுத்தீங்கன்னா வைப்பேன்.”

ஐயா சிரித்தார். சுருட்டு கொடுக்கவில்லை.

காலையில் இலை காலியாக இருந்தது. குரங்கு தின்றிருக்கும் என்று அவனுக்கும் தெரியும். ஆனாலும் மனது நிறைந்தது. அன்று முழுவதும் மலையில் மழை. மேலே போகும் தடத்தில் வெள்ளம் இறங்கியதால் அங்கேயே தங்கினார்கள். சாயங்காலம் மறுபடி ஒரு பிடி வைத்தான். மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தான். இலை மடித்து வைக்கப்பட்டிருந்தது. சாப்பிட்டு முடித்தவன் தன் பக்கமாக மடிப்பது போல, அழகாக, நடுநரம்பு ஒடியாமல். பறந்துவிடாதிருக்க மேலே ஒரு கல்.

குரங்கு இலை மடிக்காது. சீனனோ மலாய்க்காரனோ தின்றிருந்தால் அப்படியே போட்டுவிட்டுப் போயிருப்பான். வயிறு நிறைந்தது, வைத்தவன் நன்றாயிருக்கட்டும் என்று இலையை மடிக்கிறவன் நம் ஆள். நாகமுத்து அதைச் சுருட்டி ஆற்றில் எறிந்துவிட்டு வந்து, ஒன்றும் நடக்காதது போலத் தேத்தண்ணீர் போட்டான். பாதிச் சர்க்கரை கீழே கொட்டியது.

காட்டுக்குள் போன நம் ஆள் என்றால் அவனுக்குத் தெரிந்தது ஒருவன்தான். அவன் பெண்டாட்டி முனியாயியின் தம்பி சேகரன். தோட்டத்து யூனியனில் முன்னால் நின்று பேசியவன். நாற்பத்தெட்டில் யூனியன்காரர்களைப் பிடிக்க போலீஸ் வந்த அன்று ரப்பர் மரங்களுக்கு நடுவே காட்டைப் பார்த்து ஓடியவன்தான். இருக்கிறானா செத்தானா என்று ஐந்து வருஷமாகத் தகவல் இல்லை. அவன் பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை. சொன்னால் சர்க்கார் வேலை போய்விடும் என்று சொல்லவிடாமல் செய்தது நாகமுத்துதான்.

அதன்பிறகு மலையில் கழிந்த நாட்களில் அவன் உடம்புதான் வண்டியை ஓட்டியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் மூங்கில் அடைத்த பள்ளம். மழையில் கரைந்த இடங்களில் கட்டைகளை அடுக்கி அடுக்கி வண்டியை ஆள் நடக்கும் வேகத்தில் நகர்த்தினார்கள். இரவில் மேலே குளிர் எலும்பைக் கடித்தது. கனகரட்ணம் ஐயா அட்டைகளைப் பிய்த்துப்போட்டபடி, கோபுரம் போல எழுந்த முகடுகளைப் பார்த்து, “வடிவான இடம்” என்றார். நாகமுத்துவுக்கு ஒரு அழகும் கண்ணில் படவில்லை. சோற்றைப் பிசையும்போதெல்லாம் கை பாதியில் நின்றது. சேகரன் எதைத் தின்று கிடக்கிறானோ? கிழங்கா, தளிரா? திரும்பும்போது அதே மரத்தடியில்தான் இறங்க வேண்டும். அதை நினைத்தால் பயமாகவும் இருந்தது, கல்யாணத்துக்குப் போவது போலவும் இருந்தது.

திரும்பி வந்த அன்று அவன் தன் சோறு முழுவதையும் இலையில் கொட்டினான். குழம்பு மீன், பொரித்த மிளகாய், ஒரு துண்டு வெல்லம். முனிக்கு யாரும் வெல்லம் வைப்பதில்லை. அவன் அன்று முனியை நினைக்கவே இல்லை.

மறுநாள் காலை நாகமுத்து எழுவதற்குள் மாட் ஒதுங்கப் போயிருந்தான். திரும்பி வரும்போது அவன் கையில் மடித்த இலை இருந்தது. சார்ஜன் அதை விரித்துப் பார்த்தார், முகர்ந்தார், மரத்தைச் சுற்றி ஈரமண்ணில் இருந்த காலடியைக் குனிந்து பார்த்தார். சத்தம் போடவில்லை. கனகரட்ணத்தைத் தனியே கூப்பிட்டு வெகுநேரம் பேசினார். பிறகு ஐயா வந்து நாகமுத்துவின் பக்கத்தில், சேறு படிந்த பலகையில், உட்கார்ந்தார். அப்படி அவர் உட்கார்ந்ததே இல்லை.

“நேற்று வைச்சது ஆருக்கெண்டு நான் கேக்கேல்ல. நீயும் சொல்லாதை.”

“முனிக்குங்கையா. எப்பவும் வைக்கிறதுதான்.”

“அப்பிடித்தான் நானும் சார்ஜனிட்டச் சொன்னனான். அந்தாள் நம்புறதெண்டால் ஒரு வழிதான் இருக்கு. இண்டைக்கும் வை. பொலிஸ்காரர் துவக்கோட ஒளிச்சிருப்பினம். பிறகு நேற்றைய கதை ஒருத்தரும் கேக்க மாட்டினம்.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உனக்குப் பிள்ளையள் இருக்கு, நாகமுத்து.”

“ஐயா, வர்றது பசிச்சவங்கையா.”

“தெரியும்” என்றார் கனகரட்ணம். எழுந்து போய்விட்டார்.

சாயங்காலம் அவன் இலையை நறுக்கினான். சோற்றைப் போட்டான். மாட் துப்பாக்கியோடு கூடவே நின்றதால் எதுவும் பேச முடியாது, எதையும் கொட்டிவிட முடியாது. இலையைக் கீழே வைக்கும் நொடியில்தான் அது தோன்றியது. நுனியை வலப்பக்கமாகத் திருப்பி வைத்தான். அவர்கள் தோட்டத்தில் செத்தவர்களுக்குப் படைக்கும்போது மட்டும்தான் இலையை அப்படிப் போடுவார்கள். உயிரோடு இருப்பவன் முன்னால் அப்படிப் போட்டால் அடிதடியே நடக்கும். நம் ஆளாக இருந்தால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்; இது சாவுச் சோறு, தொடாதே, ஓடு என்று. மாட்டுக்கு எந்த நுனி எங்கே இருந்தால் என்ன? தன் சாமர்த்தியத்தை நினைத்து, அந்த நேரத்திலும், நாகமுத்துவுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவனை வண்டிக்குள் உட்காரச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஸ்டியரிங்கின் நடுவே ஹாரன். அவன் உள்ளங்கை அதன்மேல்தான் இருந்தது. ஒரு அழுத்து அழுத்தினால் மலை முழுக்கக் கேட்கும். அழுத்தவில்லை. இலையைத்தான் திருப்பி வைத்துவிட்டோமே, பார்த்துக்கொள்வான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அழுத்தினால் யார் அழுத்தியது என்று கேட்பார்கள். இலையைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். வெளிச்சம் முழுதும் போவதற்கு முன்பே துப்பாக்கி வெடித்தது. இரண்டு முறை.

மாட் முதலில் வந்தான். அவனுக்கு அதுதான் முதல் தடவை போலிருக்கிறது, நிறுத்தாமல் பேசிக்கொண்டேயிருந்தான். பின்னாலேயே வந்த சார்ஜனிடம் மலாயில் அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நாகமுத்துவுக்குப் புரிந்தது. அந்த ஆள் வந்ததும் சோற்றில் கை வைக்கவில்லையாம். இலையைக் கொஞ்சநேரம் பார்த்தானாம். பிறகு இரண்டு கையாலும் பிடித்து, ஒரு பருக்கை சிந்தாமல், இலையைச் சுற்றித் திருப்பி வைத்துக்கொண்டானாம். அப்புறம்தான் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிசைந்தானாம். எதற்காகத் திருப்பினான் என்று மாட் கேட்டான். சார்ஜனுக்குத் தெரியவில்லை.

தெரிந்தவன் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தான். வைத்தவன் தெரியாமல் தப்பாக வைத்துவிட்டான் என்று நினைத்திருக்கிறான், பாவி. மூணு நாள் சோறு போட்டவன் தனக்குச் சாவைப் போடுவான் என்று நினைக்க அவனுக்கு வரவில்லை. ஹாரனை அழுத்தத் துணியாதவன் இலையைத் திருப்பினான். நம்பியவன் அதை நேராக்கிக்கொண்டான்.  

விடிந்ததும் கித்தானில் சுற்றிப் பின்னால் ஏற்றினார்கள். அலோர் காஜாவில் போலீஸ் நிலையத்து வாசலில் கிடத்துவார்கள். தோட்டத்து ஜனங்களை வரிசையாக நிறுத்தி, யார் என்று தெரிகிறதா என்று கேட்பார்கள். “நீ ஒருக்காப் பாரன், தெரிஞ்ச முகமோ எண்டு” என்றார் கனகரட்ணம், அவன் முகத்தைப் பார்க்காமலே. நாகமுத்து பார்க்கவில்லை. வண்டியைக் கிளப்பினான். ஒவ்வொரு பள்ளத்திலும் பிரேக்கை மிதித்து, பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிப் போவது போல ஓட்டினான். வேகமாகப் போ என்று சார்ஜன் இரண்டு தடவை சொன்னார்.

ஆற்றங்கரையில் நிறுத்தி, தண்ணீர் எஞ்சினில் அடிக்காதிருக்க விசிறிப் பெல்ட்டைக் கழற்ற இறங்கினான். கழற்றிவிட்டுப் பின்பக்கம் வந்தபோது, குலுங்கியதில் கித்தான் விலகி ஒரு கை வெளியே தொங்கியது. வலது கை. விரல்களில் நேற்றைய சோறு குழம்போடு காய்ந்து ஒட்டியிருந்தது. உள்ளங்கையில், கத்தி பிடிக்கும் இடத்தில், காய்த்த தழும்பு. பால் வெட்டுகிற எல்லாருக்கும் இருப்பதுதான். சேகரனுக்கும் இருந்தது. நாகமுத்துவுக்கும் இருந்தது.

அவன் கித்தானைத் தூக்கவில்லை. எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றும் குவளையை ஆற்றில் மொண்டு வந்து, சாப்பிட்டு எழுந்தவருக்கு ஊற்றுவது போல, அந்தக் கையின்மேல் மெதுவாக ஊற்றினான். முன்னிருக்கையிலிருந்து சார்ஜன் கைநீட்டி ஹாரனை அழுத்தினார். மலை முழுக்கக் கேட்டது. பருக்கைகள் ஒவ்வொன்றாகக் கரைந்து விழுந்தன. அவன் மறுபடி மொண்டு வந்தான். கட்டைவிரல் நகக்கண்ணில் இருந்தது மட்டும் வரவில்லை.